நீ வாய் திறக்காத திங்கட்கிழமை

அன்புள்ள மன்னி,

எதிர்வீட்டு மாமி காசிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். இன்று காலை தெருவில் வீட்டுக்கு வீடு கங்கைச் செம்பு கொடுத்துக்கொண்டே வந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிச் செம்பு, வாயை ஈயம் வைத்து அடைத்தது. நமக்கும் ஒன்று. "ஆத்துல ஒண்ணு இருக்கணும்டி. என்னிக்கு யாருக்கு வேணுமோ, யார் கண்டா!" என்று என் கையில் வைத்து அழுத்தினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் நீ நம்பமாட்டாய்.

கூடத்து அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். காப்பிக்கு வெந்நீர் போட்டுவிட்டு வந்து பார்த்தேன், அங்கேயே இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்போதும் இருந்தது. ஒரு செம்போடு ஒரே வீட்டில் இருக்க முடியாமல் ஒரு மனுஷி தவிப்பாளா? தவிக்கிறேன். திருத்த வேண்டிய பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி எந்தத் தபாலில் போடப் போகிறாய் என்று கேட்காதே. உன்னிடம் பேச எனக்கு என்றைக்கு நல்ல வழி கிடைத்தது?

நீ கல்யாணமாகி இந்த மந்தைவெளி வீட்டுக்கு வந்தபோது எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை. அண்ணாவை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வந்தவள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நான் 'நீங்கோ, வாங்கோ' என்று வேண்டுமென்றே மரியாதை காட்டினேன். "உனக்கும் எனக்கும் என்ன பெரிய வயசு வித்தியாசம்? நீன்னே கூப்பிடு, இல்லேன்னா கிழவி ஆயிட்ட மாதிரி இருக்கு" என்றாய். அன்றையிலிருந்து நீதான். சண்டை போடவும் அதுதான் வசதியாக இருந்தது.

உன் மூச்சு சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது நான். மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் நின்று, ஏதோ தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாய். சாமர்த்தியம்! லஸ்ஸில் இருக்கும் டாக்டரிடம் அண்ணா உன்னை அழைத்துப் போனபோது நானும் தொற்றிக்கொண்டு வந்தேன். அவர் உன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தது உண்டா என்றார். கிடந்திருக்கிறாய். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் கால் வலி என்கிறாள் என்று உன் பிறந்தகத்தில் சிரித்தார்களாம்.

"இருதயத்துக்குள்ள கதவு மாதிரி சிலது இருக்கு. அதுல ஒண்ணு இவளுக்குச் சரியாத் திறக்கறதில்லே. அந்தக் காய்ச்சல் அதைத் தழும்பாக்கிட்டுப் போயிருக்கு" என்றார் டாக்டர். உன் நாடியும் ஒழுங்காக அடிக்கவில்லை, இஷ்டத்துக்குக் குதித்தது. அதை அடக்கச் சொட்டு மருந்து கொடுத்தார், டிஜிட்டாலிஸ். உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணாவிடமும் என்னிடமும் மீதியைச் சொன்னார். நீ கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"கதவு திறக்காத அறையில ரத்தம் தேங்கும். தேங்கினா உறையும். அதுல ஒரு துணுக்கு பிய்ச்சுண்டு கிளம்பித்துன்னா நேரா மூளைக்குப் போயிடலாம். மூணு விஷயத்தைப் பாத்துண்டே இருங்கோ. வாய் கோணறதா, ஒரு பக்கம் கை விழறதா, பேச்சு குழறறதா. எது வந்தாலும் என்னை உடனே கூப்பிடணும்."

அதோடு விட்டாரா? உப்பு கூடாது, மாடிப்படி கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, குழந்தை கூடவே கூடாது. திரும்பி வரும்போது ஜட்காவில் நீதான், "உப்பு இல்லாம வத்தக்குழம்பு எப்படிடீ பண்றது?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் போய் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் நீ திங்கட்கிழமை மௌனத்தை ஆரம்பித்தாய். ஊர் உலகம் அறிந்த அந்தப் பெரியவர் வாரத்தில் ஒரு நாள் பேசுவதில்லை என்று பத்திரிகையில் படித்துவிட்டு, கதர் கட்டிய பாதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். நீயும் பிடித்துக்கொண்டாய். சைகை கூட இல்லாத சுத்த மௌனம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேச்சு குழறறதான்னு பாக்கச் சொல்லியிருக்கார் டாக்டர். நீ பேசவே மாட்டேன்னு உக்காந்தா எதை வச்சுண்டு பாக்கறது? எமன் திங்கட்கிழமை லீவு எடுத்துப்பானா?" என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன்.

நீ கோபப்படவில்லை. "உப்பு போச்சு. மாடி போச்சு. குழந்தையும் போச்சு. எல்லாரும் சேந்து எனக்கு எது கூடாதுன்னே சொல்லிண்டிருக்கேள். இது ஒண்ணாவது நானா வேண்டாம்னு வச்சதா இருக்கட்டுமே" என்றாய். ஆனாலும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் உன் பின்னாலேயே சுற்றினேன். நீ தண்ணீர் குடித்தால் வாயோரம் வழிகிறதா என்று பார்ப்பேன். நீ அதைக் கண்டுபிடித்து, எனக்காக மட்டும் விரதத்தை மீறி வாயைக் கோணிக் காட்டிவிட்டுச் சிரிப்பாய். மகா கொழுப்பு.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊர் காலியாயிற்று. வண்டி கிடைத்தவர்கள் எல்லாம் அண்டா குண்டாவோடு ஓடினார்கள். என் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அண்ணாவின் கம்பெனியில் மத்தியானத்துக்கு மேல் அரை நாள் வேலை. நம் தெருவில் மிஞ்சினது நம் வீடும், எங்கும் போக இடமில்லாத இரண்டு நாய்களும். உன்னை ரயில் கூட்டத்தில் அடைத்துக்கொண்டு போக டாக்டர் ஒப்பவில்லை. "குண்டு விழுமோ விழாதோ, அந்தப் பிரயாணத்தை இவ தாங்கமாட்டா" என்றார். அவரும் தன் குடும்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு லஸ்ஸிலேயே இருந்தார். உன்னால்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம் என்று நீ முகம் வாடி உட்கார்ந்தபோது, "ஆமாம், உன்னாலதான். அதனால ஒழுங்கா மருந்தைக் குடி" என்றேன். எனக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் கோயில் திறந்ததும் நான் கபாலி கோயிலுக்குப் போனேன். நான் கிளம்பும்போது நீ கூடத்துத் தூணில் சாய்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். கோயிலில் ஈ காக்காய் இல்லை. அம்பாள் சந்நிதியில் குருக்கள் எனக்கு ஒருத்திக்காகத் தீபாராதனை காட்டி, கை நிறையக் குங்குமம் கொடுத்தார். அதை இலைத் துண்டில் மடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது அண்ணா உனக்குப் பத்திரிகை படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். சிங்கப்பூர், ரங்கூன், கப்பல், விமானம் என்று உரக்கப் படிக்கிறான். நீ அதே தூணில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். அரிவாள்மணை பக்கத்தில், அவரைக்காய் பாதி நறுக்கியபடி. நான் குனிந்து, "இந்தா, அம்பாள் குங்குமம்" என்று இலையை நீட்டினேன்.

நீ இடது கையை நீட்டினாய்.

மன்னி, நீ! பூக்காரி மீதிச் சில்லறையை இடது கையால் கொடுத்தால் வாங்காமல் நிற்பவள். பரீட்சைத் தாளை நான் இடது கையால் எடுத்து வைத்தால் கூட, "சரஸ்வதிடீ அது, சோத்தாங்கையால எடு" என்று அதட்டுபவள். அம்பாள் குங்குமத்துக்கு இடது கையை நீட்டுகிறாய்! ஒரு கணம் எனக்குக் கோபம்தான் வந்தது, விளையாடுகிறாய் என்று. பிறகு உன் வலது கையைப் பார்த்தேன். அது மடியில், உன்னுடையது இல்லாத மாதிரிக் கிடந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். வலது உதட்டோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. உன் கண் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அண்ணா, எத்தனை நாழியா இப்படி உக்காந்திருக்கா?"

"எப்படி? திங்கட்கிழமைதானே... கேட்டுண்டிருக்கான்னு நினைச்சேன்" என்றவன், என் முகத்தைப் பார்த்ததும் பத்திரிகையை நழுவ விட்டான். நான் கோயிலுக்குப் போன பிறகு கம்பெனியிலிருந்து வந்தவன், வந்ததிலிருந்து படிக்கிறானாம். அவன் குரல் ஓடிக்கொண்டிருக்க, உன்னால் கூப்பிட முடியாமல், அவனையே பார்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கிறாய். குங்குமம் தரையெல்லாம் கொட்டியது. நான் ஓடினேன்.

செருப்பு போடவில்லை என்பது திருக்குளம் தாண்டித்தான் தெரிந்தது. தெருவெல்லாம் பூட்டின வீடுகள். யாரையாவது கூப்பிடலாம் என்றால் ஆள் வேண்டாமா? மாட வீதி மூலையில் ஒரு ஜட்கா மட்டும் நின்றது. குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த பாய் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது, செருப்புகூட இல்லாம ஓடிக்கினு கீறே? ஊட்ல இன்னா?"

"மன்னிக்கு வாய் கோணிப் போச்சு பாய், லஸ் டாக்டர்கிட்டே..."

"டாக்டரு ஊட்லதான் கீறாரு, இப்பத்தான் பாத்தேன். ஏறு, ஏறு! நம்ம குதிரைக்கு வயசாய்ப்போச்சு, ஆனா ரோசம் கீது" என்று சாட்டையை எடுத்தார். அந்தக் குதிரை ஓடின ஓட்டத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். பாயும் தன் பங்குக்கு அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஏறினார். வழியெல்லாம் ஒரே கேள்விதான். "எப்போ ஆரம்பிச்சது?" எனக்கு என்ன தெரியும்? "இன்னிக்குத் திங்கட்கிழமை டாக்டர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது கண்ட காட்சியை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அண்ணா உன் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூஜை அலமாரியில் அப்பா காலத்திலிருந்து இருந்த கங்கைச் செம்பின் ஈயத்தைக் கத்தியால் கெல்லித் திறந்திருந்தான். போகிற உயிருக்கு விடுகிற தண்ணீர். அதை உத்தரணிக் கரண்டியில் எடுத்து உன் உதட்டில் வைத்து, "குடிச்சுடு, கண்ணம்மா, குடிச்சுடு" என்று அழுதுகொண்டிருந்தான். தண்ணீர் உன் கழுத்தில் வழிந்து, ரவிக்கையெல்லாம் நனைந்திருந்தது.

"நிறுத்துங்கோ!" என்று டாக்டர் போட்ட சத்தத்தில் வாசலில் குதிரை மிரண்டது. "தொண்டை வேலை செய்யல்லே ஓய்! தண்ணி நெஞ்சுக்குள்ள போனா இப்பவே மூச்சு நின்னுடும். எத்தனை விட்டேள்?"

நான் செம்பைப் பிடுங்கினேன். அண்ணா விம்மினான். "ஒரு சொட்டுகூட உள்ளே போகல்லே டாக்டர். பல்லைக் கடிச்சுண்டுட்டா. எத்தனை கெஞ்சினாலும் திறக்கமாட்டேங்கறா."

டாக்டர் குனிந்து உன் முகத்தைப் பார்த்தார். வாயில் பாதிதான் உன் சொல்லைக் கேட்கும், ஆனாலும் பல்லைக் கிட்டித்துக்கொண்டிருந்தாய். "பிடிவாதக்காரியா?" என்று என்னிடம் கேட்டார். "உலகத்துலயே" என்றேன். "நல்லது" என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அது எந்தச் செம்பு, எதற்காக என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டாம், அசைக்காமல் படுக்க வைப்பதே உசிதம் என்றார் டாக்டர். பாய் வாசலிலேயே காத்திருந்து அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்.

கிளம்பும் முன் டாக்டர் எங்கள் இருவரையும் தனியாக அழைத்துச் சொன்னதையும் உனக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் நின்று கேட்க உன்னால் முடியவில்லை. "முதல் கொஞ்ச நாள் கண்டம். ஒரு துணுக்கு வந்த இடத்திலேர்ந்து இன்னொண்ணு வரலாம். நாளைக்கே வரலாம், அஞ்சு வருஷம் கழிச்சு வரலாம், வராமலும் போகலாம். அதைத் தடுக்க என்கிட்டே மருந்து இல்லே." அண்ணா கேட்டான், "பேச்சு வருமா?" டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "முதல்ல அவ இருக்கட்டும்" என்றார்.

அந்த நாட்களில் உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். விரலை நெரித்தால் நீ திரும்ப நெரிக்க வேண்டும், அது நம் ஒப்பந்தம். நெரிக்கக் கொஞ்சம் தாமதமானால் உன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கினாயா என்று தொண்டையைத் தடவிப் பார்த்து, அடுத்த சொட்டு. நான் பேசிக்கொண்டே இருந்தேன். சண்டைக்கு இழுத்தேன். உன் வத்தக்குழம்பு வாயில் வைக்க வழங்காது என்றேன். நீ கண்ணை உருட்டினாய். உனக்கு எல்லாம் புரிந்தது, ஒரு வார்த்தைதான் வரவில்லை. வாய் திறக்கும், நாக்கு துழாவும், காற்றுதான் வரும். உன் கண்ணில் தண்ணீர் முட்டும். நான் எழுந்து போய் அடுப்பை ஊதுவதுபோல் பாவனை செய்வேன்.

அப்படி ஒரு காலையில் விமான அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகையா நிஜமா என்று யாருக்குத் தெரியும்? அண்ணா கொல்லையில் வெட்டி வைத்திருந்த பதுங்கு குழியைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். உன்னைத் தூக்கக் கூடாது. உன்னை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அண்ணா உன் தலைமாட்டில் உட்கார்ந்தான், நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். சங்கு ஏறி ஏறி ஊளையிடுகிறது. குண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு வருகிறது என்றே நினைத்தேன். அப்போதுதான் கேட்டது, கரகரவென்று, ஆனால் தெளிவாக.

"சனியனே!"

நானும் அண்ணாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ கூரையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாய். "என்ன சொன்னே? இன்னொரு தரம் சொல்லு!" என்று அண்ணா உன் மேல் விழாத குறையாகக் கேட்டான். நீ அவன் பக்கம் திரும்பி, "சனியனே!" என்றாய். உன் மாமியார் காலத்தில்கூட ஒரு வசைச்சொல் வாயில் வராத புண்ணியவதி! அண்ணா அழுதான், நான் சிரித்தேன், பிறகு நான் அழுதேன், அவன் சிரித்தான். சங்கு எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. பேச்சு நோயில் இப்படி நடக்குமாம். யோசித்துச் சொல்ல வேண்டியது வராது, தானாகக் கிளம்புகிற திட்டு வரும் என்று டாக்டர் சொன்னார். "வரட்டும், எது வந்தாலும் வரட்டும்" என்றான் அண்ணா.

வெகு நாள் உன்னிடம் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. காப்பி வேண்டுமென்றாலும் சனியனே, போதுமென்றாலும் சனியனே. பிறகு ஒவ்வொன்றாக மற்ற வார்த்தைகளும் குழறிக் குழறி வந்தன. நடந்தாய். வலது கை மட்டும் பாதிதான் திரும்பியது. நவராத்திரிக்கு வந்த பெண்களுக்கு இடது கையால் குங்குமம் கொடுக்கமாட்டேன் என்று நீ அடம் பிடித்ததும், உன் வலது மணிக்கட்டை நான் தாங்கிப் பிடித்து ஒவ்வொருத்திக்கும் இட வைத்ததும் ஞாபகம் இருக்கிறதா? பாதிப் பேருக்குக் குங்குமம் மூக்கில்தான் விழுந்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் நீ செய்த முதல் காரியம், அந்தத் திறந்த செம்பை எடுத்துப் போய் மல்லிகைச் செடிக்குக் கவிழ்த்ததுதான். அண்ணா பதறினான். நீ அவனை ஒரு பார்வை பார்த்தாய். அதற்குப் பிறகு நம் வீட்டில் கங்கைச் செம்பே இல்லை.

திங்கட்கிழமை மௌனமும் போயிற்று. நாங்கள் கேட்கவில்லை, நீயாகவே விட்டாய். "பே...சாம இருந்தா ப...யமா இருக்கு" என்றாய் என்னிடம். அண்ணாவுக்கு உன்னைவிடப் பயம். நீ கண் மறைந்தால் போதும், எங்கிருந்தாலும், "இருக்கியா?" என்று கூப்பிடுவான். சமையலறையிலிருந்து, கிணற்றடியிலிருந்து, உன் பதில் வரும். வேறு வார்த்தைகள் எல்லாம் திரும்பி வந்த பிறகும் அதற்கு மட்டும் பழைய பதில்தான், "சனியனே!" அதைக் கேட்டால்தான் அவன் அடுத்த வரியைப் படிப்பான். நானும் தாள் திருத்துவேன்.

அஞ்சு வருஷம் என்றார் டாக்டர். நீ அதற்குக் கொஞ்சம் மேலேயே இருந்தாய். கடைசி மழைக்காலத்தில் கால் வீங்கியது, தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினாய். சொட்டு மருந்து தன்னால் முடிந்ததைச் செய்தது. துணுக்கு இன்னொரு தடவை வந்ததா, அந்தக் கதவுதான் போதும் என்று விட்டதா, எங்களுக்குத் தெரியாது. விடிந்து காப்பி நேரத்தில் அண்ணா, "இருக்கியா?" என்றான். இன்னொரு தரம் கூப்பிட்டான். நான் டிகாக்ஷனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அன்று திங்கட்கிழமைகூட இல்லை, மன்னி.

உன் வாயில் யாரும் கங்கையை விடவில்லை. செம்பு இல்லை, இருந்தாலும் நான் விட்டிருக்கமாட்டேன். பந்துக்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு நீ சம்பாதித்த வருஷங்கள் அவர்களுக்கு என்ன தெரியும்?

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். அலமாரியிலிருந்து அந்தச் செம்பை எடுத்து, கொல்லைப் பக்கம் கொண்டுபோய், அம்மிக் குழவியால் ஈயத்தின் மேல் ஒரு போடு போட்டேன். எதிர்வீட்டு மாமி என்னை மன்னிக்கட்டும், கங்கா மாதாவும் மன்னிக்கட்டும். உன் மல்லிகைச் செடியின் வேரில் கவிழ்த்தேன். சத்தம் கேட்டு உள்ளே சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. நீ போன பிறகு அண்ணா யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு என்ன தோன்றியதோ, வீடு வெகுநேரம் பேச்சு மூச்சில்லாமல் இருந்ததாலோ என்னவோ, அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"இருக்கியா?"

செம்பைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் பதில் சொன்னேன். உன் பதிலைத்தான் சொன்னேன்.

உள்ளே அண்ணா சிரித்தான். பிறகு வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

உன் நாத்தனார்